தை மாதத்து நாற்றுக்குச் சூடு: சாணப் பாத்தியா, பொலித்தீன் கூடாரமா, வாங்கிய தட்டா?

பொங்கல் கழிந்த வாரத்தில் நுவரெலியா மலையில் கந்தப்பளைப் பக்கம் காலை ஆறு மணிக்கு வெளியே வந்து பாருங்கள். மழை விட்டு வானம் வெளித்திருந்த இரவென்றால் புல் நுனியெல்லாம் வெள்ளையாக நிற்கும். அந்தப் பனிக்கு கரட் அசையாது, லீக்ஸ் கண்டுகொள்ளாது. முந்தின நாள் ஆசையாக நட்ட தக்காளிக் கன்று மட்டும் வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி தொங்கிப்போயிருக்கும்.

இந்தக் குளிரில் தக்காளி எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் மழைதான். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் தக்காளியில் கருகல் நோய் புகுந்து, ஒரு வாரத்துக்குள் இலை, தண்டு, காய் எல்லாம் கறுத்துவிடும். அதற்கு முன்னால் இரண்டு தடவையாவது காய் பறிக்க வேண்டுமென்றால், பனி ஓய்கிற மார்ச் தொடக்கத்திலேயே ஐந்தாறு வாரத்து நாற்று கையில் இருக்க வேண்டும். பின்னோக்கி எண்ணினால் விதை போடும் நாள் ஜனவரி நடுவில் வந்து நிற்கிறது. சுக்கினியும் அப்படித்தான். நுவரெலியா ஏப்ரல் சீசனில் ஹோட்டல்காரர்கள் தேடும்போது காய் இருந்தால் விலை உண்டு. சீசன் முடிந்து காய்த்தால் மாடுதான் தின்னும். ஆக, வருடத்தின் மோசமான குளிரும் விதை போட வேண்டிய நாளும் ஒன்றாக வந்து விழுகின்றன.

மண் 25 பாகை செல்சியஸில் இருந்தால் தக்காளி ஆறு நாளில் முளைத்துவிடும். 15 பாகையில் இரண்டு வாரம். 10 பாகைக்கு இறங்கினால் ஆறு வாரம் வரை இழுக்கும். அதற்குள் பல விதை மண்ணிலேயே அழுகிவிடும். கறிமிளகாய் இன்னும் சொகுசு, 15 பாகையிலேயே இருபத்தைந்து நாள் கேட்கும். கோவாவோ (முட்டைக்கோஸ்) 10 பாகையிலும் இரண்டு வாரத்தில் தலை காட்டிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா நாற்றுக்கும் சூடு வேண்டும் என்று நினைத்து வேலையைப் பெருக்கிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோவா, லீக்ஸ், சலாது (லெட்டூஸ்) மூன்றுக்கும் சூடு காட்டவே வேண்டாம். சலாது விதைக்குச் சூடு கூடினால் அது முளைக்காமலே படுத்துக்கொள்ளும்.

உயரத்தையும் பார்க்க வேண்டும். 1000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. நுவரெலியா நகரம் 1868 மீட்டர். தலவாக்கலையும் பண்டாரவளையும் 1200 மீட்டரை ஒட்டி இருக்கின்றன. அந்த நாலு பாகை வித்தியாசத்தில் அங்கே உள்ளவர்களுக்கு ஒரு பொலித்தீன் தாளே போதும். நானுஓயாவுக்கு மேலே, கந்தப்பளை, இராகலை, அம்பேவலை, பட்டிப்பொல என்று இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி.

இன்னொன்றும் விளங்கிக்கொள்ள வேண்டும். நம் மலையில் பகல் குளிர் நாற்றைக் கொல்வதில்லை. ஐரோப்பாவில் தை மாதத்துச் சூரியன் தொடுவானத்தை விட்டு எழும்பவே யோசிக்கும். இங்கே பத்து மணிக்கே முதுகு சுடும். நமக்குப் பிரச்சினை இரவில், அதுவும் இரண்டு மணியிலிருந்து விடியும் வரைக்கும். எந்த வழியைப் பார்த்தாலும் அந்த நாலு மணி நேரத்தில் அது என்ன செய்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

பொலித்தீன் கூடாரத்தை அப்படிக் கேட்டுப் பாருங்கள். மூங்கில் சிம்பை வளைத்து, மேலே தாளை இழுத்துக் கட்டினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். பகலில் உள்ளே அனல். நானும் முதல் வருடம் அதை நம்பித்தான் இறங்கினேன். ஒரு விடிகாலை டோர்ச்சோடு போய்ப் பார்த்தால், தாளின் உள்பக்கத்தில் முத்து முத்தாக ஒட்டியிருந்த நீர்த்துளியெல்லாம் ஐஸ். விரலால் சுண்டினேன், நாற்றின் மேலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியே இருந்த குளிர்தான் உள்ளேயும். சாதாரணப் பொலித்தீன், மண் இரவில் வெளியே விடுகிற வெப்பத்தைத் தடுக்காமல் போகவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மேகம் இல்லாத இரவில் தாள் போட்டும் போடாததும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதற்கு மருந்து ரொம்பச் சின்னது. மாலை நாலரை மணிக்கு, வெயில் இறங்கும் முன்பே கூடாரத்தை மூடிவிட வேண்டும். மூடின கையோடு மேலே பழைய உரச் சாக்கு, படங்கு, கிழிந்த கம்பளி என்று கிடைத்ததைப் போர்த்த வேண்டும். உள்ளே சோடாப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாகப் படுக்க வைத்தால் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பனி கருக்காமல் காப்பாற்ற இது போதும். ஆனால் இப்படிக் காப்பாற்றின நாற்று உயிரோடு இருக்கும், அவ்வளவுதான், வளராது. கோவா நாற்றுக்கு அது பரவாயில்லை. தக்காளி மூன்று வாரம் ஒரே அளவில் நின்று, இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகி, என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது.

சரி, சாணத்துக்கு வருவோம்.

பச்சைச் சாணத்தையும் காய்ந்த புல்லையும் கலந்து குவித்தால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை தொடங்கி மூன்று நாலு நாளில் 60 பாகைக்கு மேல் சூடேறும். அந்தக் கொதிப்பு அடங்கிய பிறகு வாரக்கணக்கில் வருகிற மிதமான சூட்டின் மேல் நாற்றை வைப்பதுதான் சூட்டுப் பாத்தி. புது யோசனை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் குதிரை லாயங்களின் சாணத்தை இப்படிக் குவித்து, மேலே மண்ணும் கண்ணாடி மூடியும் வைத்து, உறைபனிக் காலத்தில் சலாதும் முள்ளங்கியும் எடுத்தார்கள். தெருவில் மோட்டார் வண்டி வந்து குதிரை போனதும் அந்தத் தொழிலும் படுத்துவிட்டது.

குதிரைச் சாணம்தான் இதற்கு முதல் தரம். நாரும் உமியுமாக, உதிரியாக இருக்கும்; காற்று புகும்; சீக்கிரம் சூடேறும். நமக்கு நுவரெலியா கிரெகரி வாவிக் கரையில் சவாரிக்கு நிற்கிற மட்டக் குதிரைகள் இருக்கின்றன. ஆனால் சாக்கில் கட்டி கந்தப்பளை பஸ்ஸில் ஏற்றிப் பாருங்கள், கண்டக்டர் சொல்வதை இங்கே எழுத முடியாது. மாட்டுச் சாணம் ஈரமும் களியுமாக இருப்பதால் தனியாகக் குவித்தால் இறுகிப்போய், சூடேறாமல் நாறும். சரிபாதி அளவுக்குக் காய்ந்த மானாப்புல்லைச் சாண் நீளத்துக்கு வெட்டிக் கலந்தால் சரியாகும். உமி கலந்த கோழி எருவை நாலைந்து கூடை சேர்த்தால் சூடு உடனே பிடிக்கும்; கூடிப்போனால் நவச்சார (அமோனியா) வாடை கண்ணைக் கரிக்கும், நாற்றையும் கருக்கும். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்த அந்த ஏழு மாதத்தில் கோழி எருவுக்கு அடித்துக்கொண்டோமே, அப்போது பழகின சாக்குக் கணக்கு இப்போது இதற்கு உதவுகிறது.

எவ்வளவு சாணம் வேண்டும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குவியல் சின்னதாக இருந்தால் சூட்டைப் பிடித்து வைக்காது; ஒரு கன மீட்டருக்கு ரொம்பக் குறையக் கூடாது. என் பாத்தி மூன்றடி அகலம், நாலடி நீளம், இரண்டரை அடி உயரம். அதற்கே பச்சைச் சாணம் கிட்டத்தட்ட 300 கிலோ போகிறது. ஒரு மாட்டிடமிருந்து நாளைக்குப் பதினைந்து கிலோ கூட்டி அள்ளலாம் என்றால், இரண்டு மாடு பத்து நாள் போட வேண்டும். ஒரே மாடு என்றால் இருபது நாள். அதற்குள் முதலில் அள்ளினது பழசாகி வீரியம் போயிருக்கும். அதனால் ஒரு மாடு வைத்திருப்பவர்கள் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சாணத்துக்குச் சொல்லி வைக்காமல் இதில் இறங்க வேண்டாம். மாடே இல்லாதவர்கள் சாணத்தை விலைக்கு வாங்கிச் செய்தால் நாற்று வாங்குவதைவிடச் செலவாகும்.

குவிக்கும்போது ஈரம் கைக்குத் தெரிய வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் கூடுதல், ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். காலை வெயில் விழுகிற கிழக்குச் சரிவில், சுற்றிவர நாலு பலகை நிறுத்தி, அடுக்கடுக்காகப் போட்டு மெல்ல மிதித்து விட வேண்டும். நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது மேல்லயத்து அப்பாயி நின்று பார்த்துவிட்டு, “ஏன்டா தம்பி, சாணியை அவிச்சா சாப்பிடப் போற?” என்று கேட்டுவிட்டுப் போனது. மூன்றாம் நாள் காலையில் குவியலில் ஆவி பறப்பதைப் பார்த்து, அதே அப்பாயி இரண்டு கையையும் அதன் மேல் நீட்டிக் குளிர் காய்ந்தது.

வெப்பமானி வேண்டுமா என்று கேட்பார்கள். இருந்தால் நல்லது. என்னிடம் இருப்பது அலவாங்குதான், கடப்பாரை. குவியலின் நடுவில் இரண்டடி இறக்கி, கால் மணி நேரம் விட்டு உருவ வேண்டும். நுனியைப் பிடித்த உடனே கையை உதறினால் இன்னும் கொதிக்கிறது, அருகில் போக வேண்டாம். பத்து எண்ணும் வரை பிடிக்க முடிந்தால், இறங்குகிறது. இளஞ்சூடாக, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தால் நாற்றுக்கு ஏற்ற நேரம். என் குவியலில் இது பெரும்பாலும் ஒன்பதாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் நடுவில் வருகிறது. முதல் தடவை நான் பொறுக்கவில்லை. நாலாம் நாளே ஆறு அங்குல மண்ணைப் பரப்பி விதையைத் தூவிவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கிளறிப் பார்த்தால் விதை அவித்த கடலை மாதிரி பிதுங்கியது. அப்பாயி கேட்டது பலித்தது.

இப்போது நான் மண்ணில் தூவுவதே இல்லை. குவியலின் மேல் நாலு அங்குலத்துக்குக் காய்ந்த மண்ணோ தேங்காய்த் தும்புத்தூளோ பரப்பி, அதன் மேல் நாற்றுத் தட்டுகளை வைத்துவிடுகிறேன். சூடு அதிகமென்று பட்டால் தட்டைத் தூக்கிவிடலாம். மண்ணில் போட்ட விதையைத் தூக்க முடியாது. நவச்சாரமும் நேராக வேரில் படாது. என் பாத்தியில் நூறு குழித் தட்டு ஆறு நிற்கும். 600 தக்காளி நாற்று பத்துப் பேர்ச் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) நிலத்துக்குப் போதும், ஒரு குடும்பத்துக்கு அதற்கு மேல் கட்டி வளர்ப்பதும் கஷ்டம். மேலே பழைய ஜன்னல் கண்ணாடியோ பொலித்தீனோ மூடி. சூடு ஐந்து வாரம் வரை நிற்கிறது, வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டு. வெளிக்குளிர் குறைவதும் அதே வாரங்களில்தான், இரண்டும் பொருந்திப்போகிறது.

விடிகாலை நாலு மணிக்கு என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு இந்த ஒரு வழிதான் முழுப் பதில் சொல்கிறது. வெளியே புல் வெள்ளையாக நிற்கும்போது தட்டுக்கு அடியில் கை வைத்தால் கோழி அடைகாத்த இடம் மாதிரி இருக்கும். அந்த வெதுவெதுப்பு எங்கள் லயத்து நாய்க்கும் தெரிந்துவிட்டது. ஒரு காலை போய்ப் பார்த்தால் மூடியை மூக்கால் தள்ளிவிட்டு இரண்டு தட்டுக் கறிமிளகாய் மேல் சுருண்டு படுத்திருந்தது. எழுப்பவும் மனசு வரவில்லை. இப்போது மூடியின் மேல் ஒரு பலகை வைத்துக் கல்லும் ஏற்றுகிறேன்.

குறைகளை மறைக்கக் கூடாது. வடகீழ் மழை தை மாதம் வரைக்கும் அடிக்கும். ஒரு தடவை பலகை ஓரமாக ஒழுகின தண்ணீர் குவியலில் இறங்கி, இரண்டே நாளில் சூடு செத்துவிட்டது. திரும்பக் கிளறிப் புது எரு போட்டும் பழைய வேகம் வரவில்லை. மேட்டில் போட்டு, மேல்பக்கம் ஒரு வடிகான் வெட்டிவிட்டால் இது வராது. அடுத்தது நத்தையும் ஓடில்லா அட்டை நத்தையும். குளிர் காலத்தில் அவற்றுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது.

பச்சைச் சாணத்தில் வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமிகள் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டு இயற்கை விவசாய விதிகளில், மண்ணில் படுகிற காயை அறுவடை செய்வதற்கு 120 நாளுக்கு முன்பே பச்சை எருவை இட்டு முடித்திருக்க வேண்டும். அதனால் சூட்டுப் பாத்தியிலேயே சலாது, முள்ளங்கி வளர்த்துப் பச்சையாகத் தின்கிற பழக்கம் வேண்டாம். நாற்று விட்டு, வேறு நிலத்தில் நடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாரிஸ்காரன் தின்றானே என்றால், அவன் காலத்தில் அவன் எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் இவையெல்லாம் சின்ன விஷயம். பெரிய கேள்வி, பகலில் மூடியை யார் திறப்பது? வெயில் நாளில் பதினொரு மணிக்கு மூடி மூடியே இருந்தால், அடியில் சாணச் சூடும் மேலே வெயில் சூடும் சேர்ந்து அரை மணி நேரத்தில் நாற்று வெந்துவிடும். காலை தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால் திரும்ப நாலு, ஐந்து மணியாகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம். வீட்டில் பகலில் ஒரு ஆள் இல்லாத குடும்பத்துக்கு நான் சூட்டுப் பாத்தியைச் சொல்வதே இல்லை. எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார். வெயில் தேயிலைச் சரிவின் எந்த வரிசைக்கு இறங்கியதும் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று அவருக்குத்தான் கணக்குத் தெரியும். உண்மையில் பாத்தி அவருடையது. நான் சாணம் சுமந்தவன்.

நாற்றுப்பண்ணையில் தட்டு வாங்குவது சுலபம். நாளைக் குறித்து, சொல்லி வைத்து, கொண்டுவந்து நட வேண்டியதுதான். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று செய்பவர்கள் சூட்டுப் பாத்தியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. அவர்களுக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான நாற்றுக்கு மாட்டுப்பட்டியே வேண்டும். ஆனால் வாங்குகிறபோது நாற்று எதில் வளர்ந்தது என்று கேளுங்கள். தும்புத்தூளில் வளர்ந்ததா, மண்ணிலா? ஒரு வருடம் நாங்கள் ஓர் இடத்தில் மண்ணோடு பிடுங்கின கோவா நாற்று மலிவாக வாங்கி நட்டோம். ஒன்றரை மாதத்தில் வெயில் நேரத்தில் வாடத் தொடங்கியது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி விரல் விரலாக வீங்கியிருந்தது. அந்த நோயின் வித்து மண்ணில் பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். அந்த மூலையில் இன்றைக்கும் நாங்கள் கோவா நடுவதில்லை, போஞ்சிதான். சூட்டுப் பாத்தியின் மேல் மண் போடுகிறவர்களும் பழைய கோவா நிலத்து மண்ணை எடுக்காதீர்கள்.

தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் ஜனவரியில் நாற்று கேட்டால், கீழே வெப்பமான ஊரில் வளர்த்ததைத்தான் பெரும்பாலும் தருவார்கள். பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும். நம் காற்று பட்டதும் ஒரு வாரம் திகைத்து நிற்கும். இங்கேயே வளர்ந்த நாற்று நாலைந்து நாள் மூடியைத் திறந்து போட்டுப் பழக்கினால் அப்படி நிற்பதில்லை.

இன்னொரு வழியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தேடுகிறோம். விறகடுப்பு இருக்கிற வீட்டில் அடுப்புக்கு மேலே பரண் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். தக்காளி, கறிமிளகாய் விதை முளைவிட வெளிச்சம் தேவையில்லை. ஈரத் துணியில் முடிந்து அங்கே வைத்தால் ஒரு வாரத்துக்குள் வெள்ளை முனை எட்டிப்பார்க்கும். அப்புறம் ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து, சாக்குப் போர்த்திய கூடாரத்துக்குள் கொண்டுபோகலாம். முளைப்பதற்குத்தான் அதிகச் சூடு வேண்டும். முளைத்த நாற்று கொஞ்சம் குளிரைத் தாங்கும். வளர்ச்சி மந்தமானாலும், ஐம்பது, அறுபது கன்று போதும் என்கிற வீட்டுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. செலவும் இல்லை, சாணமும் சுமக்க வேண்டாம். எலி வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காஸ் அடுப்புக்கு மாறியவர்களுக்கு இந்த வசதி போய்விட்டது. மின்சாரச் சூட்டுப் பாய் வாங்கலாம் என்பார்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகிற போக்கைத் தெரிந்தவர்கள் வாங்க மாட்டார்கள்.

ஆகவே என்னைக் கேட்டால், மாடு எத்தனை, பகலில் வீட்டில் யார், எத்தனை கன்று வேண்டும் என்ற மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன். இரண்டு மாடும் வீட்டில் ஓர் ஆளும் இருந்து, நூற்றுக்கு மேல் கன்று தேவைப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டு சாணப் பாத்தி. அதில் நான் சொல்லாமல் விட்ட ஒரு லாபமும் உண்டு. நாற்றைத் தூக்கின பிறகு குவியலைக் கிளறிவிட்டு மூடி வைத்தால் ஆனி, ஆடிக்குள் மக்கி, லீக்ஸ் பாத்திக்கு உரமாகிவிடும். எப்படியும் வயலுக்குச் சுமக்கப் போகிற சாணம்தானே, வழியில் ஐந்து வாரம் வேலை வாங்கிக்கொள்கிறோம். தோட்ட நிர்வாகத்து நிலத்தில் குழாய் நட்டு நிரந்தரக் கூடாரம் கட்டினால் கேள்வி வரும்; எருக் குவியலை யாரும் கேட்பதில்லை.

இந்த வருடக் குவியல் போட்டு இன்றோடு எட்டு நாள். காலையில் அலவாங்கை உருவிப் பிடித்தேன். ஆறு வரைதான் எண்ண முடிந்தது. விதைப் பொட்டலத்தை அம்மா அரிசி டின்னுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார், நான் மறுபடியும் அவசரப்படுவேன் என்று.